பத்தாவது பெயர்

பிப்ரவரி 3, திங்கள்

வருகைப் பதிவுக்கென்று பால்வாடிக்குக் கொடுத்த நோட்டு இது. இப்போது எல்லாவற்றையும் போனில்தான் ஏற்ற வேண்டுமாம், நோட்டு வேண்டாமாம். சரி, என் வயிற்றெரிச்சலையாவது இதில் ஏற்றிக்கொள்கிறேன்.

காலையில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் சின்னக்கல்மேடு தொடக்கப் பள்ளியில் போன வருஷம் முதல் வகுப்பில் சேர்ந்தது நாலே பேர். வருகிற ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கும்போது பத்துப் பேர் உட்கார்ந்திருக்கவில்லை என்றால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். பிஸ்கட் நமுத்துப் போயிருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தப் பள்ளி மூன்று கிலோமீட்டர். நடுவில் மணல் லாரி ஓடுகிற மெயின் ரோடு. எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் காலை ஐந்து மணிக்கே மீன் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் யார் கொண்டுபோய் விடுவது? இந்த அதிகாரி வருவாரா? பிள்ளைகள் நின்றுவிடும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கா பஞ்சம்? காலை ஏழு மணிக்கு டவுன் இங்கிலீஷ் மீடியத்தின் வேன் தெருத்தெருவாக ஹாரன் அடிக்கிறது. என்னிடம் மூன்று வருஷம் முட்டையும் சத்துமாவும் தின்றுவிட்டு, டை கட்டிக்கொண்டு அதில் ஏறிவிடுகின்றன. பெற்றவர்களைச் சொல்ல வேண்டும். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் சபை கூடும்போது பெண்கள் உட்காருவதில்லை. கூப்பிட்டால் ஓரமாய் வந்து நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இன்று முதல் தடவையாக ஒரு பெண்ணின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அது நான், பால்வாடி டீச்சர் தையலு.

ஊர்ப் பஞ்சாயத்து, பள்ளி, பால்வாடி மூன்றும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தை வாசித்தேன். வலை பின்னும் கூடத்தைப் பஞ்சாயத்து பிள்ளைகளுக்குக் கொடுக்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து வயதுப் பிள்ளைகள் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்து பழகும், தலைமை ஆசிரியை கஸ்தூரி பார்த்துக்கொள்வார். பள்ளிக்குப் போகுமுன் தன் பெயரையும் தாய் தகப்பன் பெயரையும் சொல்ல, பட்டன் போட, அம்மா கண்ணில் மறைந்தாலும் அழாமல் இருக்க நான் பழக்குவேன்.

கடைசியாகத் தலைவர் கலியபெருமாள் பெரியப்பா மைக்கை வாங்கி, என் தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார். "வேன் ஊருக்குள்ள வரப்படாது. இனிமே எவன் புள்ளையாச்சும் வெளிய படிக்கப் போச்சுன்னா, அந்தக் குடும்பம் சபையில விழுந்து கும்புடணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தமாகவே தட்டினேன்.

சீர்காழியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். இனியனுக்கு இரைப்பு பரவாயில்லையாம். என் மகனை அவள் வீட்டில் விட்டு வைத்திருப்பது இரைப்புக்காகத்தான். இந்த உப்புக் காற்று அவனுக்கு ஆகாது. அது ஊருக்கே தெரியும்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆறு பிள்ளைகளை முதல் வகுப்புக்கு அழைத்துப் போனேன். பாயில் வரிசையாக உட்கார வைத்தோம். நாலாவது நிமிஷம் ஒருவன் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டான். உதவியாளர் பொன்னாச்சி அக்கா அவனைப் பிடிக்க ஓட, மற்றதெல்லாம் அவள் பின்னால் ஓட, கஸ்தூரி டீச்சர் என்னைப் பார்க்க, நான் கரும்பலகையைப் பார்த்தேன். ஜூனுக்குள் உட்கார வைத்துவிடுவேன்.

மார்ச் 4, செவ்வாய்

செயலி திறக்கவில்லை. முட்டையை எண்ணிப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். வேகவைத்த முட்டைக்குக்கூட சாட்சி வேண்டியிருக்கிறது இந்த நாட்டில்.

மார்ச் 12, புதன்

வேன் ஊருக்குள் வருவதில்லை, மெயின் ரோட்டில் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம் ஆட்கள் பிள்ளைகளைச் சேலைத் தலைப்பால் மூடி, தோப்பு வழியாகக் கொண்டுபோய் ஏற்றுகிறார்கள். திருட்டுச் சரக்கு கடத்துகிற மாதிரி! கேட்டால், "டீச்சர், எம் புள்ளையாச்சும் நல்லா இருக்கட்டுமே" என்கிறாள் ஒருத்தி. அப்படியென்றால் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் நாசமாய்ப் போகின்றனவா?

பெரியப்பா பெயர்களை எழுதித் தரச் சொன்னார். "டீச்சர் கையெழுத்து இருந்தா ஊரு நம்பும்." நாலு பெயர் எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் செல்லக்கிளி. அவளும் நானும் இதே பள்ளியில் ஐந்து வருஷம் ஒன்றாகப் படித்தவர்கள். அவளுக்கே இல்லாத அக்கறை வேறு யாருக்கு வரும்?

மார்ச் 16, ஞாயிறு

சபை. நாலு பெயரையும் வாசித்தார்கள். மூன்று பேருக்குப் புருஷன்மார் எழுந்து, "தப்புத்தான், நாளையிலேருந்து அனுப்பல" என்றார்கள். முடிந்தது. செல்லக்கிளி புருஷன் கடலில் செத்துப்போய் மூன்று வருஷமாகிறது. பேச ஆளில்லாததால் அவளே வந்து நின்றாள், இடுப்பில் சொருகிய சேலையில் மீன் செதிலோடு.

"ஏன் அனுப்புறேன்னு கேளுங்க. பால்வாடிய ஒம்பதரைக்குத் தொறந்து மூணு மணிக்குப் பூட்டுறாங்க. நான் அஞ்சு மணிக்குப் போயி, தெருத்தெருவா வித்துட்டு வீடு வர அஞ்சாவுது. ஏழு மணிக்குப் பக்கத்து வூட்டுல ஏத்தி வுடுறாங்க, அந்த வேன்காரன் சாயங்காலம் வரைக்கும் புள்ளய வச்சுக்கிறான். இங்கிலீசும் வாணாம், ஒண்ணும் வாணாம். எம் புள்ள தெருவுல கெடக்காம இருந்தாப் போதும்."

"எதுத்துப் பேசாத. விழுந்து கும்புடு" என்றார் பெரியப்பா.

விழுவதற்கு முன் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. ஏதோ நான் சொல்லப்போவதற்காகக் காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். நான் என்ன சொல்வது? விழுந்தாள். எழுந்து முழங்கை மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

மூன்று மணிக்குப் பூட்டுகிறேனாம்! பூட்டிவிட்டு வீட்டில் காலை நீட்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறேன்? எடை பார்க்க, கர்ப்பிணிகளைப் பார்க்க, இந்தப் பாழாய்ப்போன செயலியோடு மல்லுக்கட்ட யார் இருக்கிறார்கள்? அவளை விழச் சொன்னது நானா? நான் எழுதிக் கொடுத்தது பெயர், அவ்வளவுதான். ஊரே சேர்ந்து செய்ததற்கு நான் ஒருத்தி என்ன பண்ண முடியும்?

அவள் மகள் தாமரை இன்று பால்வாடிக்கு வந்தாள். பட்டனைத் தானே போட்டாள்.

மார்ச் 29, சனி

சீர்காழிக்குப் போனேன். இனியனுக்கு ஆண்டு விழா. அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. வீட்டில் சும்மா இருந்தால் குறும்பு பண்ணுகிறான் என்று, பொழுது போக அங்கே அனுப்புகிறாள். வண்ணத்துப்பூச்சி வேஷம் போட்டு மேடையில் இங்கிலீஷில் நாலு வரி சொன்னான். எனக்குப் பாதி புரியவில்லை. கை வலிக்கத் தட்டினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகெல்லாம் கரையில். ஆண்கள் வீட்டில் இருந்தால் வீடு தாங்காது என்று, தினம் ஒருவரை வலைக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னேன். வந்தார்கள். வலையில் கட்டுகிற மிதவைகளை நூலில் கோத்து எண்ணிக்கை சொல்லிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் இருபது வரை எண்ணுகின்றன. நாலு வயதுக் குட்டி ஒன்று, "தாத்தா, பதினாலு விட்டுட்டே" என்று கலியபெருமாள் பெரியப்பா தலையில் குட்டு வைத்தது. சபையில் வாய் திறக்க ஊரே பயப்படுகிற மனுஷன், குனிந்து வாங்கிக்கொண்டார்.

இது நடக்கிறது. நிஜமாகவே நடக்கிறது. நாலாவது நிமிஷம் ஜன்னல் வழியாக ஓடியவன் இன்று அரை மணி நேரம் பாயில் உட்கார்ந்தான். அழுதுவிடுவேன் போல இருந்தது, அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

மே 2, வெள்ளி

முதல் வகுப்புக்கு உறுதியாகச் சேருபவர்கள் எட்டுப் பேர். தாமரையோடு ஒன்பது. இரண்டு குடும்பம் வேலை தேடி மங்களூர் பக்கம் போய்விட்டது. ஐந்து வயது முடிந்த பிள்ளை இந்த ஊரில் இன்னொன்று இல்லை. பொன்னாச்சி அக்காவும் நானும் மூன்று தடவை வீடு வீடாகப் போய்விட்டோம்.

கஸ்தூரி டீச்சர் கேட்டார்: "உங்க பையனுக்கு என்ன வயசும்மா?"

"அவனுக்கு உடம்பு சரியில்ல டீச்சர்" என்றேன்.

மே 6, செவ்வாய்

லீவுக்கு இனியன் வந்திருக்கிறான். காலையிலிருந்து அலையோடு ஓடுகிறான், கத்துகிறான், ஈரமணலில் புரளுகிறான். பொன்னாச்சி அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பய நல்லாத்தானே தையலு இருக்கான்? இரைப்புன்னே" என்றாள்.

"வந்து வந்து போகும்" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

மே 14, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

செல்லக்கிளி வாசலில் கருவாட்டுக் கூடையை இறக்கினாள். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறாள். இனியன் ஓடி வந்து, "கிளி ஆன்ட்டி!" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"இவன ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏன் தெரியாம? செவ்வாயும் வெள்ளியும் ஒங்கக்கா வீட்டு வாசல்லதான் மொத போணி. முள்ளு இல்லாத மீனா குடு, தையலு மவன் திங்கணும்னு கேட்டு வாங்கும். ஷூ மாட்டி, டை கட்டி வேன்ல ஏத்துறத ரெண்டு வருஷமாப் பாக்குறேன். இப்ப யூகேஜி முடிச்சுட்டான், இல்ல?"

"அப்ப சபையில ஏண்டி சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு நின்னேன்." கூடையைத் தலையில் ஏற்றினாள். "எம் புள்ள ஒன்பதாவதாம்ல. ஊரு பேசிக்குது. சபைக்குப் பயந்துதான் அனுப்புறேன் தையலு, ஒன்ன நம்பி இல்ல. அந்தப் பயம் எனக்கு என்னைக்கு வுட்டுப் போவுதோ, அன்னைக்கு என் புள்ளயும் வராது."

கருவாடு வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் போய்விட்டாள்.

மே 15, வியாழன்

இரைப்பு எல்லாம் இல்லை. எப்போதோ மூன்று வயதில் ஒரு தடவை வந்தது. அவ்வளவுதான்.

மே 20, செவ்வாய்

புருஷனுக்குப் போன் போட்டேன். கொச்சியில் படகில் இருக்கிறார். இனியனை இங்கேயே சேர்க்கப்போகிறேன் என்றதும் கத்தினார். "ஒனக்கென்ன பைத்தியமா? ஊருக்காக நம்ம புள்ளய பலி குடுப்பியா?"

பலி! இந்தப் பள்ளியில் படித்துத்தான் நான் டீச்சர் வேலைக்கு வந்தேன். இந்தப் பள்ளிக்குத்தான் ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளையெல்லாம் பிடித்துப் பிடித்துத் தள்ளுகிறேன். அவர்கள் பிள்ளைக்கு அது படிப்பு, என் பிள்ளைக்கு மட்டும் பலியா? அவரிடம் கத்தினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, இரண்டு வருஷமாக என் மனதில் இருந்ததைத்தான் அந்த மனுஷன் வாய்விட்டுச் சொன்னார்.

அக்கா அழுதாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

மே 25, ஞாயிறு

சபையில் நானே மைக்கைக் கேட்டு வாங்கினேன். "எம் புள்ளைக்கு இரைப்பு இல்ல. ரெண்டு வருஷமா சீர்காழியில இங்கிலீஷ் மீடியத்துல படிக்கிறான். ஒளிச்சு வச்சேன். நாலு பேரைக் காட்டிக் கொடுத்தப்ப அஞ்சாவது பேரு என்னோடது. ஊரு கட்டுப்பாடு எனக்கும்தான்" என்றேன்.

பெரியப்பா இருமினார். "சரி விடும்மா. நீ கவர்மென்ட்டு ஆளு. ஊருக்காக இவ்வளவு செஞ்சிருக்கே. ஒன்னப் போயி விழச் சொல்லுவமா? பையனைச் சேத்துடு, அது போதும்." நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருத்தர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

அப்போது வந்த கோபம் என் ஜென்மத்தில் வந்ததில்லை. "செல்லக்கிளி நின்னப்ப இந்த நாற்காலி எங்க போச்சு பெரியப்பா? அவளுக்குப் புருஷன் இல்லைங்கறதாலதானே விழ வச்சீங்க?" என்று கத்தினேன். மைக் கீச்சென்றது. "மொதல்ல அவகிட்ட மன்னிப்பு கேளுங்க." யாரும் கேட்கவில்லை. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். கேட்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

மைக்கை மணலில் வைத்துவிட்டு விழுந்தேன். சபையைப் பார்த்து இல்லை. ஓரத்தில் செல்லக்கிளி நின்ற பக்கமாகத் திரும்பி விழுந்தேன். மணல் சுட்டது, வாய்க்குள் போனது.

அவள் என்னைத் தூக்கவில்லை. எழுந்து நின்றதும் கேட்டாள்: "இதெல்லாம் சரி. காலையில எத்தினி மணிக்குத் தொறப்பே?"

"அஞ்சு மணிக்கு."

"சாயங்காலம்?"

"நீ வர்ற வரைக்கும்."

"பாப்போம்" என்றாள். தாமரையை அனுப்புவதாகச் சொல்லவில்லை. இனி அவளை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அனுப்பு என்று சொல்ல எனக்கும் வாய் கிடையாது.

மே 29, வியாழன்

வலைக்கூடத்துக்கு முறை போட்டாயிற்று. காலை ஐந்திலிருந்து பால்வாடி திறக்கும் வரைக்கும், மூன்றிலிருந்து அம்மாக்கள் வரும் வரைக்கும் தினம் இரண்டு பேர். ஆண்கள் பெயரும் இருக்கிறது. கலியபெருமாள் பெரியப்பா பெயரை அவரே எழுதினார், திங்கட்கிழமையில். சபைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை. பேச வேண்டாம், வந்தால் போதும்.

செல்லக்கிளி வீட்டுப் பக்கம் போகவில்லை. கெஞ்சினால் அதுவும் ஒரு கட்டாயம்தான்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. அதிகாரி பன்னிரண்டு மணிக்கு எண்ண வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கே எட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்துவிட்டன. யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. இனியனோடு ஒன்பது. புதுச் சட்டையில் விறைத்துக்கொண்டு இருந்தான். கஸ்தூரி டீச்சர் அவனுக்கு மட்டும் ஒரு சின்ன நாற்காலி போட்டிருந்தார். "பெஞ்சுல உக்காந்து பழகின புள்ள, பாவம், கீழ கஷ்டப்படுவான்" என்றார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

பத்து மணி. பதினொன்று. கஸ்தூரி டீச்சர் என்னைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். பதிவேட்டில் ஒன்பது பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாகக் கிடந்தது.

பதினொன்றேமுக்காலுக்கு செல்லக்கிளி வந்தாள். கூடை இல்லை, இன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை போல. தாமரைக்குத் தலை வாரி, எண்ணெய் வழிய, சீருடை போட்டுக் கையைப் பிடித்திருந்தாள். எனக்கு உயிர் வந்தது. "வா வா, உள்ள வா" என்று ஓடினேன்.

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். எட்டுப் பிள்ளைகள் தரையில், என் பிள்ளை நாற்காலியில். நெடுநேரம் பார்த்தாள். தாமரையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை வலிக்கிறது என்றது.

"அது டீச்சர்தான் போட்டாங்க..." என்று ஆரம்பித்தேன். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு போய் அவனைக் கீழே இறக்கினேன். நாற்காலியைத் தூக்கி வெளியே மாமரத்தடியில் வைத்தேன். இனியன் "நோ, நோ" என்று கத்தி அழுதான், காலை உதைத்தான். அதிகாரியின் ஜீப் சத்தம் வாய்க்கால் பாலத்தில் கேட்டது.

"உக்காருடா" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னை முறைத்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தான். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் செல்லக்கிளி தன் மகளின் கையை விட்டாள்.